மோட்டார் டயரின் பக்கச்சுவர்

மோட்டார் வண்டியின் டயரைப் பற்றி ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன் பேச வருவது உங்களுக்கு விந்தையாகத் தோன்றலாம். டயரைப் பழுது பார்க்கும் தொழில் எனக்குத் தெரியாது. வண்டி ஓட்டவும் நான் பழகியவன் அல்லன். ஆயினும் டயரின் பக்கச்சுவர் என்னும் ஒரு பகுதியைப் பற்றி நான் காலங்கடந்து கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. அதை நீங்கள் காலத்தோடு கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

நான் பணி ஓய்வு பெறுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், புரட்டாசி மாதத்தில் ஒருநாள், எட்டு மாணவர்களை அழைத்துக்கொண்டு கூத்தாநல்லூரிலிருந்து தஞ்சாவூருக்கு ஓர் அறிவியல் கண்காட்சிக்குப் புறப்பட்டேன். வாடகை வண்டி ஒன்றை அமர்த்தியிருந்தோம். அது குறுவை அறுவடைக் காலம். எங்கள் பகுதியில் அக்காலத்தில் சாலையின் ஒரு பாதியில் நெல்லைப் பரப்பிக் காயவைப்பார்கள் என்பதையும், வண்டிகள் நெல்மீது ஏறாதிருக்கும்பொருட்டு ஓரத்தில் கருங்கற்களை வரிசையாக வைப்பார்கள் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். முந்திய நாள் மாலை எதிரே வந்த பேருந்துக்கு வழிவிடும்போது அப்படிப்பட்ட கல் ஒன்றின்மேல் பின்சக்கரம் ஏறி இறங்கியதாக வண்டியோட்டி பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நான் குனிந்து பார்த்தேன். இடப்பக்கத்துப் பின் டயரின் பக்கத்தில் பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு இருந்தது.

“இது என்ன?” என்று கேட்டேன். “காற்று ஒரு பொட்டும் இறங்கவில்லை, சார். பஞ்சர் இல்லை” என்றார் அவர். காற்று இறங்கவில்லை என்பதைக் கேட்டு நானும் அமைதியடைந்தேன். முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் நான். அழுத்தம் என்பது ஓரலகு பரப்பின்மீது செயற்படும் விசை என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியவன். கண்ணெதிரே இருந்த அந்தப் புடைப்பைப் படிக்க எனக்குத் தெரியவில்லை. மன்னார்குடியைத் தாண்டி வடுவூர் ஏரிக்கு அப்பால் சென்றபோது அந்த டயர் வெடித்தது. வண்டி இடப்புறம் இழுத்துக்கொண்டு போய்ச் சாலைச் சரிவில் இறங்கி, வயல் வரப்பில் முட்டி நின்றது. உயிருக்கு ஊறு நேரவில்லை. ஆனால் ஒரு மாணவனின் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அவனுடைய தாயின்முன் நின்று அதைச் சொல்ல வேண்டிய கடமை என்னுடையதாயிற்று. குறை வண்டியோட்டியுடையது மட்டும் அன்று. பார்த்தும் கேளாமல் விட்ட என்னுடையதும் ஆகும். அதன் பிறகே டயரைப் பற்றிப் படிக்கலானேன். டயர்க்கடைகளில் நின்று, தொழில் தெரிந்தவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டேன்.

முதலில் ஓர் எளிய வினா. வண்டியின் பாரத்தைத் தாங்குவது எது? ரப்பர் என்று பலர் விடை கூறுவர். காற்றில்லாத டயரை நினைத்துப் பாருங்கள். அது நசுங்கித் தரையோடு படிந்துவிடுகிறது. ஆகவே ரப்பர் பாரத்தைத் தாங்குவதில்லை. பாரத்தைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. அந்தக் காற்றை விரிந்து ஓடாமல் பிடித்துவைப்பது டயருக்குள் மறைந்திருக்கும் நூல். அந்த நூலை நீரும் வெயிலும் கல்லும் தீண்டாமல் காப்பது ரப்பர். வண்டியைக் காற்று தாங்குகிறது. காற்றை நூல் தாங்குகிறது. நூலை ரப்பர் காக்கிறது. இந்த மூன்று தொடர்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் இனி நான் கூறப்போவன யாவும் தாமே விளங்கும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து ஒரு காரின் எடை 1,200 கிலோ என்று கொள்வோம். நான்கு சக்கரங்களுக்கும் அது சமமாகப் பிரிந்தால் ஒரு சக்கரத்தின் பங்கு 300 கிலோ. டயரில் 32 பவுண்டு காற்று என்று கடைகளில் சொல்கிறார்களே, அது சதுர அங்குலம் ஒன்றுக்கு 32 பவுண்டு அழுத்தம். நம் அளவையில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.25 கிலோ. 300 கிலோவை 2.25ஆல் வகுத்தால் 133 சதுர சென்டிமீட்டர் கிடைக்கும். ஒரு டயர் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு ஏறத்தாழ அவ்வளவே. ஓர் அஞ்சலட்டையின் பரப்பைவிடச் சற்றே பெரிது. நான்கு அஞ்சலட்டை அளவு நிலத்தின்மேல்தான் ஒரு குடும்பம் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி டயரின் அமைப்பைக் காண்போம். டயரின் உள்விளிம்பு இரண்டிலும் எஃகுக் கம்பிகளால் ஆன வளையம் ஒன்று புதைந்திருக்கிறது. கடைக்காரர்கள் அதனைப் பீடிங் என்பர். சக்கரத்தின் இரும்பு விளிம்பாகிய ரிம்மைக் கவ்விப் பிடிப்பது அதுவே. ஒரு பீடிங்கிலிருந்து புறப்பட்டு, பக்கச்சுவரின் வழியாக ஏறி, தரையைத் தொடும் பகுதியின் அடியில் சென்று, மறுபக்கச் சுவரின் வழியாக இறங்கி, மற்றொரு பீடிங்கைச் சுற்றி மடிந்து நிற்பது நூலடுக்கு. இக்காலக் கார் டயர்களில் இந்த நூல் பெரும்பாலும் பாலியெஸ்டரால் ஆனது. தரையைத் தொடும் பகுதியை டிரெட் என்பர். அதன் அடியில் மட்டும், நூலடுக்கின்மேல், எஃகுக் கம்பிகளால் ஆன பட்டைகள் சுற்றப்பட்டிருக்கின்றன.

நெசவு அறிந்தவர்களுக்கு ஒன்று சொன்னால் எளிதில் விளங்கும். துணியில் பாவும் உண்டு, ஊடும் உண்டு. டயரின் நூலடுக்கிலோ பாவு மட்டுமே உண்டு, ஊடு இல்லை என்றே சொல்லிவிடலாம். நூல்கள் யாவும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரு பீடிங்கிலிருந்து மற்றொரு பீடிங்குக்கு, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப்போல் செல்கின்றன. இந்த முறையில் அமைந்த டயரை ரேடியல் டயர் என்பர். பிரெஞ்சு நாட்டு மிஷெலின் நிறுவனம் 1946-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றது. அதற்கு முன் இருந்த டயர்களில் நூலடுக்குகள் பல, ஒன்றன்மேல் ஒன்று சாய்வாகக் குறுக்கிட்டுச் சென்றன. அவற்றின் பக்கச்சுவர் தடித்தும் விறைத்தும் இருக்கும். ரேடியல் டயரின் பக்கச்சுவரோ மெலிந்து, நன்கு வளைந்து கொடுப்பது. அதனால் டயர் குறைவாகச் சூடேறுகிறது, நெடுநாள் உழைக்கிறது, எரிபொருளும் மிச்சப்படுகிறது. ஆயின் இந்த நன்மைக்கு ஒரு விலை உண்டு. டிரெட்டின் அடியில் எஃகுக் கவசம் இருக்கிறது. பக்கச்சுவரில் அது இல்லை. அங்கே காற்றுக்கும் வெளியுலகுக்கும் நடுவே இருப்பன ஒன்றிரண்டு நூலடுக்குகளும் சில மில்லிமீட்டர் ரப்பரும் மட்டுமே.

அந்த மெல்லிய சுவர் ஆற்றும் பணியையும் எண்ணிப் பாருங்கள். சாதாரணக் கார் டயர் ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ 1.8 மீட்டர் தூரம் செல்லும். ஒரு கிலோமீட்டருக்கு 550 சுற்று என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவரின் ஒவ்வோர் இடமும் தரைக்கு நேரே வரும்போது வளைந்து, விலகும்போது நிமிர்கிறது. 40,000 கிலோமீட்டர் ஓடிய டயரின் பக்கச்சுவர் 2 கோடியே 20 லட்சம் முறை வளைந்து நிமிர்ந்திருக்கும். இத்தனையையும் அது பொறுத்துக்கொள்கிறது. அதனால் பொறுக்க முடியாதவை மூன்று. ஒன்று நசுக்கும் அடி, இரண்டாவது காற்றுக் குறைவு, மூன்றாவது மூப்பு. இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் அடி. சக்கரம் வேகமாகச் சென்று ஒரு குழியின் விளிம்பிலோ கல்லின் முனையிலோ மோதும்போது, டயர் அந்த இடத்தில் உள்நோக்கி மடிகிறது. மடிப்பு ரிம்மைத் தொடும் அளவுக்கு ஆழமானால், பக்கச்சுவர் கீழே கல்லுக்கும் மேலே இரும்புக்கும் இடையே அகப்பட்டுக்கொள்கிறது. அம்மிக்கும் குழவிக்கும் நடுவே ஒரு நூலை வைத்து நசுக்குவதற்கு ஒப்பானது இது. இழுத்தால் எளிதில் அறாத நூல் நசுக்கினால் அறுந்துவிடும். வெளியே இருக்கும் ரப்பரோ வளைந்து கொடுத்துப் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. வண்டியோட்டி இறங்கிப் பார்க்கிறார், கீறல் இல்லை, காற்றும் இறங்கவில்லை, நிம்மதியோடு புறப்பட்டுவிடுகிறார். உள்ளே அறுந்த நூல்களை அவர் காண்பதில்லை.

நூல் அறுந்த இடத்தில் பின்னர் நடப்பது யாது? அங்கே காற்றைத் தடுத்து நிறுத்த ரப்பரைத் தவிர வேறு எதுவும் இல்லை. ரப்பர் இழுபடும் பொருள். ஆதலின் அது வெளிநோக்கிப் புடைக்கிறது. நான் பார்த்த பாதி எலுமிச்சம்பழத்தின் அடிப்பரப்பு ஏறத்தாழ 12 சதுர சென்டிமீட்டர் இருக்கும். அதன்மீது உள்ளிருந்து தள்ளும் விசை 12 பெருக்கல் 2.25, அதாவது 27 கிலோ. ஒரு சிப்பம் அரிசியின் எடைக்கும் சற்று மேலான பாரம், நூலின் துணையில்லாத அந்தச் சிறு ரப்பர்த் தோலை இரவும் பகலும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. வண்டி ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் வளைந்து நிமிர்வதால், அருகிலுள்ள நூல்களும் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. இப்படிப்பட்ட டயர் பத்து நிமிடத்தில் வெடிக்கலாம். பத்து வாரம் ஓடவும் ஓடலாம். எப்போது என்று எவராலும் சொல்ல இயலாது என்பதே அதன் ஆபத்து.

பஞ்சரில் குறைவது காற்று. பக்கச்சுவர் அடிபட்டால் குறைவது நூல். காற்றை மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். அறுந்த நூலை எவரும் முடிபோட்டுத் தர இயலாது. டிரெட்டில் ஆணி குத்திய துளை ஏறத்தாழ 6 மில்லிமீட்டருக்கு மேற்படாமல் இருந்தால், உள்ளிருந்து ஒட்டுப் போட்டு அடைத்துவிடலாம். எஃகுப் பட்டைகள் அந்த இடத்தை அசையாமல் பிடித்துக்கொள்ளும். பக்கச்சுவரில் போடும் ஒட்டோ ஓயாமல் வளைந்து வளைந்து விட்டுப்போய்விடும். ஒட்டிக்கொண்டே இருந்தாலும் அது காற்றை அடைக்குமேயன்றி நூலின் வேலையைச் செய்யாது. எங்கள் இளமையில் சைக்கிள் டயர் கிழிந்தால் பழைய டயர்த் துண்டொன்றை உள்ளே வைத்து ஓட்டியிருக்கிறோம். மெல்லச் செல்லும் இலேசான சைக்கிளுக்கு அந்தச் சிக்கனம் தகும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காருக்கு அது தகாது. 1946-ஆம் ஆண்டில் சென்னைத் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தோன்றிய மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி, 1952-ஆம் ஆண்டில் டிரெட் ரப்பர் செய்யத் தொடங்கியது. தேய்ந்துபோன டயருக்குப் புதிய டிரெட் போட்டு மீண்டும் ஓட்டுவதற்கு உரிய ரப்பர் அது. லாரி டயர்களுக்கு இன்றும் அவ்வாறு செய்கிறார்கள். மேற்பரப்பு தேய்ந்தாலும் டயரின் உடல் நன்றாக இருந்தால் அதற்கு மறுவாழ்வு உண்டு. பக்கச்சுவரில் நூல் அறுந்த டயருக்கு மட்டும் அந்த மறுவாழ்வு இல்லை.

இந்த இடத்தில் ஓர் ஐயத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். சில புதிய டயர்களின் பக்கச்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய பள்ளம் தெரியும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நூலடுக்கின் இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இணைத்த இடம் அது. அங்கே நூல் இரட்டையாக இருப்பதால் மற்ற இடங்களைவிடக் குறைவாக விரிகிறது. ஆகையால் பள்ளமாகத் தோன்றுகிறது. மெல்லிய பள்ளம் நூல் மிகுந்த இடம். புடைப்பு நூல் அறுந்த இடம். உள்ளே அமிழ்ந்தது பெரும்பாலும் குற்றமற்றது. வெளியே தள்ளியது குற்றமுடையது. ஐயம் எழுந்தால் டயரைக் கழற்றி உட்புறத்தைக் காட்டச் சொல்லுங்கள். நசுங்கிய டயரின் உட்புறத்தில், புடைப்புக்கு நேரே ஒரு விரிசற்கோடு தெரிவதுண்டு.

நம் காவிரிப் பாசனப் பகுதியில் இந்த அடி எங்கெங்கே காத்திருக்கிறது என்று பார்ப்போம். நெல்லுக்கு அரணாக வைக்கும் கற்களை முன்னமே சொன்னேன். நெல்லை அள்ளியபின் கற்களையும் அகற்றிவிட்டால் பல டயர்கள் பிழைக்கும். இரவில் வரும் வண்டிக்கு அந்தக் கல் தெரிவதில்லை. இரண்டாவது, சாலையின் ஓரம். நம் சாலைகள் பல ஆற்றங்கரையையும் வாய்க்கால் கரையையும் ஒட்டிச் செல்பவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓரத்து மண் கரைந்து போக, தாரின் விளிம்பு கத்திபோல் உயர்ந்து நிற்கும். எதிர்வரும் பேருந்துக்காக மண்ணில் இறங்கிய கார் மீண்டும் ஏறும்போது, சாலைக்கு ஏறக்குறைய இணையாகவே ஏற முயன்றால், பக்கச்சுவர் அந்த விளிம்பில் நெடுக உரசிக் கிழிபடுகிறது. வேகத்தை நன்கு குறைத்து, சக்கரத்தைச் சற்றுத் திருப்பி, விளிம்பை டிரெட்டினால் ஏற வேண்டும். மூன்றாவது, உழவு டிராக்டரின் கூண்டுச் சக்கரம். சேற்றுக்காகச் செய்த அந்த இரும்புச் சக்கரத்தோடு தார்ச்சாலையில் ஏறினால் சாலை கொத்துப்பட்டுப்போகிறது. நாளடைவில் அந்தக் கொத்து குழியாகிறது. நான்காவது, மழைநீர் நிறைந்த குழி. நீரின் மேற்பரப்பு சமமாக இருப்பதால் ஆழம் தெரியாது.

குழியைத் தவிர்க்க இயலாதபோது செய்ய வேண்டியது வேகத்தைக் குறைப்பதே. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். 60 கிலோமீட்டர் வேகத்தை 30 ஆகக் குறைத்தால் ஆற்றல் பாதியாவதில்லை, கால் பங்காகிறது. பிரேக்கைக் குழிக்கு முன்னரே அழுத்தி, குழியில் இறங்கும்போது விட்டுவிட வேண்டும். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் வண்டியின் பாரம் முன்சக்கரத்தின்மேல் சாய்ந்து, அடி மிகுதியாகும். இக்காலத்தில் அழகுக்காக உயரம் குறைந்த டயர் போடுகிறார்கள். டயரில் 165/80 என்று எழுதியிருந்தால், அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 80 விழுக்காடு, அதாவது 132 மில்லிமீட்டர் என்பது பொருள். 215/45 என்றால் சுவரின் உயரம் 97 மில்லிமீட்டருக்கும் குறைவு. மடிவதற்கு இடம் குறையக் குறைய, கல்லுக்கும் ரிம்முக்கும் உள்ள தூரமும் குறைகிறது. கிராமச் சாலையில் ஓடும் வண்டிக்கு உயரமான சுவரே ஏற்றது.

இரண்டாவது பகை காற்றுக் குறைவு. காற்று குறைந்தால் சுவர் மிகுதியாக வளைகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் அந்த இடம் சூடாவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். ரப்பரும் அவ்வாறே. வளைக்கும்போது பெறும் ஆற்றல் முழுவதையும் அது நிமிரும்போது திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பகுதியை வெப்பமாக மாற்றிக்கொள்கிறது. காற்றுக் குறைந்த டயரோடு, மிகுந்த பாரத்தோடு, சித்திரை வெயிலில், நெடுஞ்சாலையில் வேகமாகச் சென்றால் நூலும் ரப்பரும் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி தளர்ந்துவிடுகிறது. காற்று முற்றிலும் இறங்கிய டயரைச் சிறிது தூரம் ஓட்டினாலும் அதன் பக்கச்சுவர் நசுங்கி, உட்புறம் தேய்ந்து, ரப்பர்த் தூள் உதிர்ந்து கிடக்கும். ஆணி குத்திய துளை டிரெட்டில் இருந்தாலும், அத்தகைய டயரை ஒட்டுப் போட்டு ஓட்டுவது தவறு. “கடை பக்கத்தில்தானே இருக்கிறது, மெல்ல ஓட்டிவிடலாம்” என்னும் எண்ணமே பல நல்ல டயர்களைக் கொன்றிருக்கிறது.

மூன்றாவது பகை மூப்பு. இதை விளக்க ரப்பரின் பிறப்பைச் சிறிது சொல்ல வேண்டும். கூத்தாநல்லூரைச் சின்ன சிங்கப்பூர் என்பார்கள். தலைமுறை தலைமுறையாக எங்கள் ஊரார் கடல் கடந்து சென்று தொழில் புரிந்த நகரம் அது. ஆசியாவின் ரப்பர்த் தொழிலுக்கும் அந்நகரமே ஒரு தொட்டில். 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். அவற்றிலிருந்து முளைத்த செடிகளில் 22 மறு ஆண்டு சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தை அடைந்தன. மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை ஹென்றி ரிட்லி என்பவர் அத்தோட்டத்திலேயே வகுத்தார். பின்னர் மலாயா முழுவதும் பரவிய தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் விடியற்காலையில் பால் எடுத்த வரலாற்றை நீங்கள் படித்திருப்பீர்கள்.

அந்த மரத்துப் பாலிலிருந்து வரும் ரப்பர் இன்றும் டயரின் பக்கச்சுவரில், செயற்கை ரப்பரோடு கலந்து பயன்படுகிறது. 1839-ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தபடி கந்தகம் சேர்த்துச் சூடேற்றுவதால் அது உறுதி பெறுகிறது. கரித்தூள் சேர்ப்பதால் வலிமையும் கறுப்பு நிறமும் பெறுகிறது. வெயிலின் புறஊதாக் கதிரைத் தாங்கும் ஆற்றலும் அந்தக் கரித்தூளால் வருவதே. ஆயினும் காற்றில் சிறிதளவே கலந்திருக்கும் ஓசோன் என்னும் வாயு ரப்பரின் மூலக்கூறுகளை வெட்டுகிறது. அதனால் நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன. இதைத் தடுக்கவே ரப்பருக்குள் ஒருவகை மெழுகையும் காப்பு மருந்தையும் கலக்கிறார்கள். டயர் ஓடி வளையும்போது இவை சிறிது சிறிதாக மேற்பரப்புக்கு வந்து படலமாகப் படிகின்றன. பழைய டயரில் தோன்றும் பழுப்பு நிறம் பெரும்பாலும் இதனால் ஏற்படுவதே. ஓடாமல் நிற்கும் டயருக்கு இந்தக் காப்பு வேண்டிய அளவு கிடைப்பதில்லை.

எங்கள் ஊரில் இது வீட்டுக்கு வீடு காணும் செய்தி. வெளிநாட்டில் பணிபுரிவோர் விடுமுறைக்கு வரும்போது ஓட்டுவதற்காகக் கார் வாங்கி முகப்பில் நிறுத்திச் செல்கிறார்கள். எட்டு மாதம், பத்து மாதம் அது அசையாமல் நிற்கிறது. நல்ல டயரிலும் மாதத்துக்கு ஒரு பவுண்டோ இரண்டு பவுண்டோ காற்று தானே கசியும். பத்து மாதத்தில் 32 பவுண்டு 20 பவுண்டாகக் குறைந்திருக்கலாம். நின்ற இடத்திலேயே சுவர் நசுங்கி, வெயில் படும் பக்கம் வெடித்திருக்கும். டிரெட்டைப் பார்த்தால் புதியதுபோலவே தோன்றும். ஊருக்கு வந்தவர் குடும்பத்தையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்கு விடியற்காலையில் விரைகிறார். டயருக்கு அதைவிடக் கொடிய சோதனை வேறில்லை.

ஆதலின் நிற்கும் வண்டிக்கும் பேணுதல் வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாரேனும் அதைச் சிறிது தூரம் ஓட்டிவர வேண்டும். மாதம் ஒருமுறை காற்றைச் சரிபார்க்க வேண்டும். நிழலில் நிறுத்த வேண்டும். டயர் பளபளக்க எண்ணெய் சேர்ந்த மெருகைப் பூசுவது நன்மையன்று. எண்ணெய் ரப்பருக்குப் பகை. சோப்பு நீரால் கழுவினாலே போதும். டயரின் வயதை அதன் பக்கச்சுவரிலேயே படிக்கலாம். நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்பது பொருள். டிரெட் தேயாவிட்டாலும் வயதும் வெடிப்பும் மிகுந்த டயரைத் தொழில் தெரிந்தவரிடம் காட்டாமல் நெடும்பயணத்துக்கு எடுக்கலாகாது.

காற்றின் அளவைப் பற்றியும் ஒரு சொல். வண்டிக்கு உரிய அளவு ஓட்டுநர் கதவருகிலுள்ள பட்டியில் எழுதியிருக்கும். டயரின்மேல் அச்சிட்டிருக்கும் மிகப்பெரிய அளவு அந்த டயர் தாங்கும் எல்லை. அதை வண்டிக்கு உரிய அளவாகக் கொள்ளக் கூடாது. டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் காற்று கூடுதலாகக் காட்டும். அதைத் திறந்து விட்டுவிட்டால், ஆறியபின் குறைந்துவிடும். மாற்றுச் சக்கரத்துக்கும் காற்று அளக்க வேண்டும். அதை நாம் ஸ்டெப்னி என்கிறோம். வேல்ஸ் நாட்டில் லனெல்லி நகரத்து ஸ்டெப்னி தெருவில் 1904-ஆம் ஆண்டில் மாற்றுச் சக்கரம் செய்து விற்றவர்களால் வந்த பெயர் அது. பெயர் நம்மிடம் நிலைத்துவிட்டது. அதற்குள் காற்று இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் மட்டும் நிலைக்கவில்லை.

இவ்வளவு பேணியும் ஓடும்போது டயர் வெடித்துவிட்டால், ஸ்டியரிங்கை இரு கைகளாலும் உறுதியாகப் பற்றி, நேரே செலுத்த வேண்டும். பிரேக்கைத் திடீரென்று அழுத்தக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் தானே குறைந்தபின் ஓரத்தில் நிறுத்த வேண்டும்.

மாணவ நண்பர்களே, உங்களில் பலருக்கு வண்டி ஓட்டும் வயது இன்னும் வரவில்லை. ஆனால் பார்க்கும் கண்ணும் கேட்கும் வாயும் இருக்கின்றன. பள்ளி வண்டியிலோ வாடகைக் காரிலோ ஏறுமுன், ஒருமுறை சுற்றி வந்து நான்கு சக்கரங்களின் பக்கச்சுவரையும் பாருங்கள். புடைப்பு உண்டா, நூல் தெரியும் கிழிசல் உண்டா, ஏதேனும் ஒன்று மற்றவற்றைவிட நசுங்கி நிற்கிறதா என்று பாருங்கள். உட்பக்கத்துச் சுவரும் அடிபடும் என்பதால், டயர்க்கடைக்குச் செல்லும்போது அதையும் பார்க்கச் சொல்லுங்கள். குறை கண்டால் பெரியவர்களிடம் பணிவோடு சொல்லுங்கள். “காற்று இறங்கவில்லையே” என்று அவர்கள் கூறினால், “காற்று இருக்கிறது, நூல் இல்லையே” என்று விடை சொல்லுங்கள். அந்த ஒரு விடையை நான் அன்று அறிந்திருக்கவில்லை.

மணிக்கட்டு முறிந்த அந்த மாணவனின் கை ஆறு வாரத்தில் கூடிவிட்டது. அவன் இப்போது சிங்கப்பூரில் பணிபுரிகிறான். சென்ற விடுமுறையில் வந்தபோது என்னைத் தஞ்சாவூருக்குத் தன் காரில் அழைத்துச் சென்றான். நான் கதவைத் திறந்து ஏறப்போனேன். “சற்று இருங்கள், சார்” என்று சொல்லி, நான்கு சக்கரங்களையும் குனிந்து பார்த்துச் சுற்றி வந்தான். வலப்பக்கத்து முன் டயரில் வெடிப்பு மிகுந்திருந்தது. அன்று தஞ்சாவூருக்கு நாங்கள் இரண்டு மணி நேரம் தாமதமாகவே புறப்பட்டோம். முதலில் டயர்க்கடைக்குச் சென்றோம்.